கல்மரம் கற்பிக்கும் பாடம்

(வெள்ளி விழாவை ஒட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்தாண்டுக் காலம் நம் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டுவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், உயிரியலைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். பரிணாமம், சூழலியல் என்னும் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்கிறோம். தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கு மட்டும் இவை பயன்படும் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. ஏனைய பாடங்களைவிட இவ்விரண்டும் நம் மக்களுக்கு ஏன் மிகுதியாக வேண்டப்படுகின்றன என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. நாம் மேல்நிலை வகுப்பில் பயின்ற காலத்தில், ஒரு நாள் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையை அறுத்துப் பார்க்கும் பாடம். மற்ற மாணவர்கள் தொடுவதற்குக் கூசி நின்றனர். அப்போது ஆசிரியர், நம்மவர் இருவரைச் சுட்டி, “உங்களுக்கெல்லாம் இது பழக்கந்தானே, வந்து அறுங்கள்” என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் அறுத்தோம், நன்றாகவே அறுத்தோம். மூன்று அறைகள் கொண்ட அந்தச் சிறிய இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்ததை முதலில் கண்டவர்களும் நாமே. ஆயினும் அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. அதற்கு விடை கூற அன்று நமக்குத் தெரியவில்லை. ஆனால் விடை எங்கோ தொலைவில் இல்லை. கையில் வைத்திருந்த அதே பாடநூலில், சில பக்கங்களுக்கு அப்பால் இருந்தது. அந்தப் பக்கங்களைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றை அடுத்துள்ள திருவக்கரையை நீங்கள் அறிவீர்கள். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குச் சென்றவர்கள், அருகில் செம்மண் மேட்டில் உருண்டு கிடக்கும் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டையும் கணுவும் வளையமும் மரத்தைப் போலவே தோன்றும். தட்டினால் கல்லின் ஓசை எழும். மாண்ட அசுரனின் எலும்புகள் இவை என்று ஊரார் கதை சொல்வதுண்டு. 1781ஆம் ஆண்டிலேயே சொனரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைக் கண்டு எழுதி வைத்தார். இன்று இது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா ஆகும்.

மரம் கல்லானது எவ்வாறு? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலுக்குள் புதைந்தன. இங்குக் கிடப்பவற்றுள் கிளையோ வேரோ இலையோ காணப்படாமையால், இவை வேறிடத்திலிருந்து நீரால் உருட்டி வரப்பட்டவை என்று அறிஞர் முடிவு செய்தனர். காற்றுப் புகாத ஆழத்தில் அவை மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்னும் மணற்சத்து, மரத்தின் செல் ஒவ்வொன்றிலும் மெல்ல மெல்லப் புகுந்து, அதன் உருக் கெடாமல் கல்லாக நிறைந்தது. மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், அன்றைய செல் அமைப்பை இன்றும் காணலாம். அவ்வாறு ஆராய்ந்தே இவற்றுள் மாமரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் புளியமரம் அடங்கிய அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் பூவாத ஊசியிலை மர வகையைச் சேர்ந்தவையும் உண்டென்று கண்டனர். அந்த ஊசியிலைக் குடும்பத்தின் உறவு மரம் ஒன்று இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வாழ்கிறது. நம் வறண்ட வானூர்ப் பக்கம் அது வளராது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். உலகம் மிகப் பழையது என்பது ஒன்று. உயிர்களும் அவை வாழும் நிலமும் மாறிக்கொண்டே வந்துள்ளன என்பது மற்றொன்று. எதுவும் இன்றிருப்பது போலவே என்றும் இருந்ததில்லை. பரிணாமக் கொள்கையின் முதற்படி இதுவே.

மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? 1859ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் தம் நூலை வெளியிட்டபோது, வீட்டில் வளர்க்கும் புறாக்களையும் கால்நடைகளையும் பயிர்களையும் காட்டியே தொடங்கினார். நாமும் நம் கொல்லையிலிருந்தே தொடங்கலாம். தென் அமெரிக்காவில் தோன்றிய நிலக்கடலை கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. மணிலாக் கொட்டை என்னும் அதன் பெயர் நம் பக்கத்து மக்களின் வாயில் மல்லாட்டை ஆயிற்று. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தார், குடியாத்தம் கொத்து என்ற ரகத்தில் நல்ல செடிகளைப் பொறுக்கி, அவற்றின் விதையை மட்டும் மீண்டும் விதைத்துப் பெருக்கி, 1940இல் டி.எம்.வி. 2 என்னும் ரகத்தை வெளியிட்டனர். அப்பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிக்கின்றன. ஒரே வயலில் செடிக்குச் செடி வேறுபாடு உண்டு, அவ்வேறுபாடு விதை வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது, பொறுக்கப்பட்டவை பெருகுகின்றன. இம்மூன்றையும் விளங்கிக்கொண்டால் டார்வினை விளங்கிக்கொண்டீர்கள். மனிதன் பொறுக்கினால் அது செயற்கைத் தேர்வு. மழையும் வறட்சியும் பகையும் நோயும் பொறுக்கினால் அது இயற்கைத் தேர்வு.

இயற்கைத் தேர்வு கண்முன் நடக்கிறதா என்று கேட்பீர்கள். நெற்பயிரைச் சுட்டதுபோல் காயவைக்கும் புகையான் பூச்சியைக் கேட்டுப் பாருங்கள். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற நெல்லை 1973இல் வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்த நெல்லையும் தின்று பெருகும் புகையான் தோன்றிவிட்டது. பூச்சி எதுவும் முயன்று பழகிக் கொள்ளவில்லை. கோடிக்கணக்கான பூச்சிகளுள் அந்த நெல்லைத் தின்னவல்ல சில ஏற்கெனவே இருந்தன. மற்றவை பட்டினியில் மடிய, அந்தச் சிலவே சந்ததியைப் பெருக்கின.

இங்கே ஒரு தவறான கருத்தை நீக்கிவிட வேண்டும். “வலியது வாழும், மெலியது மாளும், இதுவே இயற்கையின் விதி” என்று சொல்லி, ஒருவர் மற்றொருவரை மிதிப்பதற்கு அறிவியலைச் சாட்சியாக அழைப்பவர் உளர். தகுதி என்று டார்வின் கொள்கை கூறுவது வலிமையை அன்று. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில், பிழைத்துச் சந்ததி விடுவதற்கேற்ற பொருத்தத்தையே. இடம் மாறினால் தகுதியும் மாறும். மேலும், இயற்கையில் நடப்பதெல்லாம் மனிதர் பின்பற்ற வேண்டிய அறம் ஆகிவிடாது. நோயும் இயற்கையே; அதற்காக மருத்துவமனையை மூடுவாரில்லை.

இப்போது தவளைக் கதைக்கு வருவோம். பெற்றோர் செய்த தொழில் பிள்ளையின் குருதியில் இறங்குமா? 1880களில் ஆகஸ்ட் வீஸ்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர், வெள்ளைச் சுண்டெலிகளின் வாலை நறுக்கிவிட்டு இனப்பெருக்கம் செய்ய விட்டார். பிறந்தவற்றின் வாலையும் நறுக்கினார். இவ்வாறு ஐந்து தலைமுறைகளில் பிறந்த 901 குட்டிகளுள் ஒன்றேனும் வாலின்றிப் பிறக்கவில்லை. உடல் வாழ்நாளில் பெறுவது வேறு, கருவணுக்கள் சுமந்து செல்வது வேறு என்ற அவருடைய கருத்து உயிரியலின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. தந்தை பறை அடித்ததனால் மகன் தாளத்தோடு பிறப்பதில்லை. தந்தை வேதம் ஓதியதனால் மகன் மந்திரத்தோடு பிறப்பதில்லை. கல்வியும் தொழிலும் கற்பதனால் வருபவை. கற்க விடாததனால் வாராது போனவை. “உங்களுக்குப் பழக்கந்தானே” என்ற சொல்லுக்கு விடை இதுவே: பழக்கம் பிறப்பில் வருவதன்று.

மனித இனத்தின் வரலாற்றையும் சுருங்கக் கூறுவோம். மனிதன் குரங்கிலிருந்து பிறந்தான் என்று பலர் பிழையாகச் சொல்வர். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது. அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன என்பதே சரி. இன்றுள்ள மனிதர் அனைவரும் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே சிற்றினத்தவர். திண்டிவனத்துக்குப் பெயர் தந்த திந்திருணியாகிய புளியமரமும் ஆப்பிரிக்காவையே தாயகமாகக் கொண்டது என்பர் தாவரவியலார். ஆகவே நம் ஊர்ப் பெயரும் அதைச் சொல்லும் நாவும் ஒரே கண்டத்தை நினைவூட்டுகின்றன.

1972இல் ரிச்சர்ட் லெவோண்டின் என்னும் அறிஞர், மனிதரிடையே காணும் மரபு வேறுபாட்டில் 100க்குச் சுமார் 85 பங்கு ஒரே மக்கள் கூட்டத்தின் உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். 2013இல் ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து 73 மக்கள் குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை, இந்திய மக்கள் பரவலாகக் கலந்து மணந்தனர்; அதன் பின்னரே அவரவர் கூட்டத்துக்குள் மணக்கும் வழக்கம் இறுகியது என்பது அதன் முடிவு. அகமணமே சாதியின் உயிர்நிலை என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் கூறினார். அவர் சமூக ஆராய்ச்சியால் கண்டதை, கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பின் மரபணு ஆராய்ச்சியும் உறுதி செய்திருக்கிறது.

இதைத் திருவக்கரைக் கணக்கில் பார்ப்போம். அந்த மரம் வீழ்ந்த 2 கோடி ஆண்டுகளை ஓராண்டாகச் சுருக்கி, அது தை முதல் நாளில் வீழ்ந்ததாகக் கொள்க. மனிதன் தோன்றுவது மார்கழியின் கடைசி ஐந்தரை நாள் இருக்கும்போது. அகமண வேலி இறுகுவது, கடைசி நாளின் நள்ளிரவுக்கு ஐம்பது நிமிடம் இருக்கும்போது. ஐம்பது நிமிடத்துக்கு முன் எழுந்த வேலியைப் படைப்புக் காலம் தொட்டே இருப்பதாகச் சொல்லி நம்மை நம்ப வைத்தார்கள். அந்த நம்பிக்கையின் பெயரால், 1978ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இதே விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். ஆகையால் பரிணாமப் பாடம் நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, அறிவியலார் பலர் கண்டித்தனர். நாமும் கவலை கொள்ள வேண்டிய செய்தி அது.

பொருத்தம் என்பது இடத்தைப் பொறுத்தது என்றோம். அந்த இடத்தை ஆராயும் துறையே சூழலியல். நம் வயலையே பாருங்கள். நெல் வெயிலை உணவாக்குகிறது. ஆகவே அது உற்பத்தியாளர். நெல்லை வெட்டுக்கிளி தின்கிறது. வெட்டுக்கிளியைத் தவளை தின்கிறது. தவளையைப் பாம்பு விழுங்குகிறது. இது உணவுச் சங்கிலி. ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே மேலே செல்கிறது என்று 1942இல் லிண்டமன் என்னும் இளம் அறிஞர் விளக்கினார். நெல்லில் 1,000 பங்கு இருந்தால் வெட்டுக்கிளிக்கு 100, தவளைக்கு 10, பாம்புக்கு 1. ஆகவேதான் வயலில் பூச்சிகள் எண்ணிலடங்கா, பாம்புகளோ ஒன்றிரண்டு. பூச்சிமருந்தை அளவின்றித் தெளித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் சாகிறது. பின்பு புகையான் முன்னிலும் பெருகுகிறது. ஓர் இழையை அறுத்தால் வலை முழுதும் ஆடும்.

இந்த அறிவு பட்டம் பெற்றவர்களிடம் மட்டும் இருந்ததன்று. நம் பக்கத்து இருளர் மக்கள் எலி வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி உண்டா, பாம்பு உண்டா என்று கூறுவர். மாமல்லபுரத்துக்கு அருகே 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தந்த நஞ்சிலிருந்து செய்த மருந்து, நாடெங்கும் பாம்புக்கடிபட்டோரைக் காத்தது. இருளர்களாகிய வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஏட்டறிவு மறுக்கப்பட்ட இடத்திலும் இயற்கையறிவு வளர்ந்தது என்பதற்கு இது சான்று.

மரக்காணத்துக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் கழுவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிகளின் உபரி நீர் ஒருபுறம் வந்து சேர, கடல் நீர் கழிமுக வழியே மறுபுறம் ஏறி வர, நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடம் அது. தமிழகத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல் அதுவே. 2021இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சர் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அங்குப் பூநாரை வளைந்த அலகால் சேற்று நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்கிறது. கூழைக்கடா தொங்கு பையால் மீனை அள்ளுகிறது. மஞ்சள்மூக்கு நாரை அலகைத் திறந்தபடி நீரில் துழாவி மீன் பிடிக்கிறது. ஒரே நீரில் வெவ்வேறு அலகு, வெவ்வேறு உணவு. இதைப் பிழைப்பிடம் எனலாம்.

இயற்கையில் கழிவு என்று எதுவும் இல்லை என்பது சூழலியல் கூறும் மற்றோர் உண்மை. பாக்டீரியாவும் பூஞ்சையும் புழுவும் செத்தவற்றைச் சிதைத்து மண்ணுக்கு உரமாக்கவில்லையேல், உயிருலகம் தன் பிணங்களுக்கடியிலேயே நின்றுவிடும். செத்த மாட்டைத் தின்று தீர்த்த பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் கதையைக் கேளுங்கள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் 100க்கு 99க்கு மேல் அழிந்தன. பிணங்கள் தேங்கின, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியின் அச்சம் மிகுந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது தடைசெய்யப்பட்டது. தமிழகத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் பாறுகள் எஞ்சி வாழ்கின்றன. செத்ததை அகற்றும் உயிர் இல்லாதபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

ஆனால் இங்கே விழிப்பாக இருங்கள். “பறவைக்கு ஒரு பிழைப்பிடம் இருப்பது போலச் சாதிக்கு ஒரு தொழில், இதுவும் இயற்கைதான்” என்று நயமாகப் பேசுவோர் வருவர். பாறுக்கு வளைந்த அலகையும் மயிரற்ற கழுத்தையும் பரிணாமம் தந்தது. அதனால் ஏர் உழ முடியாது, ஏடு எழுத முடியாது. மனிதனுக்கோ எத்தொழிலும் கற்கும் மூளையையும் எக்கருவியும் பிடிக்கும் கையையும் அதே பரிணாமம் தந்துள்ளது. செத்த மாட்டைத் தூக்கும் வேலையை நம் முன்னோர்க்கு இயற்கை தரவில்லை, ஊர் சுமத்தியது. தூக்கியவனுக்குத் தீட்டு என்று பெயரும் சூட்டியது. அவ்வேலை ஊரைக் காத்தது என்பது அறிவியல். அதைப் பிறப்பால் ஒருவர் தலையில் கட்டியது அநீதி. இரண்டையும் சேர்த்தே சொல்லப் பழகுங்கள்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. விடுமுறையில் ஒரு நாள் திருவக்கரைக்கும் ஒரு நாள் கழுவெளிக்கும் செல்லுங்கள். குறிப்பேடு ஒன்று கொண்டு, கண்ட செடி, பூச்சி, பறவைகளை நாளிட்டு எழுதுங்கள். உங்கள் ஊர் ஏரியும் மேய்க்கால் புறம்போக்கும் எவ்வளவு சுருங்கியுள்ளன என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். நிலம் உள்ளவனுக்குக் கிணறு உண்டு. நிலமற்ற நம் மக்களுக்கு ஆடு மேயவும், விறகு பொறுக்கவும், நண்டும் மீனும் பிடிக்கவும் அந்தப் பொது நிலமே உண்டு. ஏரி கெட்டால் முதலில் அணைவது நம் அடுப்பு. இறால் பண்ணைகள் கரையோர நிலத்தை உவராக்குவதை எதிர்த்து சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நினைவில் வையுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அக்காள் மகள், மாமன் மகள் என்று நெருங்கிய உறவிலேயே மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. ஒரே குடும்பத்தில் மறைந்திருக்கும் குறைபாட்டு மரபணுக்கள் இரண்டு சேர்ந்து பிள்ளையிடம் நோயாக வெளிப்பட இது வழி செய்கிறது. பிறர் எழுப்பிய வேலியைக் கண்டிக்கும் நாம், நம் வீட்டுக்குள் உள்ள வேலியையும் ஆராய்தல் வேண்டும். அறிவியல் பிறருக்கு ஒரு முகமும் நமக்கு ஒரு முகமும் காட்டுவதில்லை.

அன்று வகுப்பில் தவளையை அறுத்த கைகள் நடுங்கவில்லை. ஆனால் பேச வேண்டிய வாய் பேசவில்லை. இனி ஆய்வுக்கூடத்தில் எவரேனும் உங்களைப் பார்த்து அவ்வாறு சொன்னால், சினந்து வெளியேற வேண்டாம். கத்தியைக் கீழே வைக்கவும் வேண்டாம். வீஸ்மனின் 901 சுண்டெலிகளை எடுத்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தத் தவளையின் இதயத்தில் மூன்று அறைகளும் எங்கெங்கே உள்ளன என்று வகுப்பு முழுவதற்கும் காட்டுங்கள். அடுத்த விழா மலரில் உயிரியலைப் பற்றி எழுதும் கை, இங்கே அமர்ந்திருக்கும் உங்களுள் ஒருவர் கையாக இருத்தல் வேண்டும்.